மலைக்கு வருபவரா, மலையில் உருவாகுபவரா? நீலகிரியில் சமூகப் பணிப் பயிற்சிக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டங்களில் பழங்குடி மக்களிடையே உடல்நலம், குழந்தைப் பாதுகாப்பு, மனநலம் ஆகியவற்றில் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனங்கள் சில, வரும் மூன்றாண்டுகளுக்கான பயிற்சி நிதியை எந்த வழியில் செலவிடுவது என்று கூடி முடிவெடுக்க இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலையில் சமூகப் பணியாளராகவும், பிறகு களப்பணி மேற்பார்வையாளராகவும் இருந்தவள் என்ற முறையில், அவர்கள் முன் உள்ள வழிகளை ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். சமவெளிக் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப் பணி முதுநிலைப் பட்டம் முடித்தவர்களை வேலைக்கு எடுத்து மலையைப் பற்றிய அறிமுகப் பயிற்சி கொடுப்பது ஒரு வழி. உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து இங்கேயே பயிற்றுவிப்பது இன்னொரு வழி. ஏற்கெனவே வேலையில் இருக்கும் களப்பணியாளர்களைத் தொலைநிலைக் கல்வி மூலம் பட்டதாரிகளாக்குவது மூன்றாவது. சட்டபூர்வமான பதிவும் தகுதி வரையறையும் வரும்வரை பெரிய மாற்றம் எதையும் செய்யாமல் காத்திருக்கலாம் என்ற கருத்தும் ஒருசாராரிடம் இருக்கிறது.

முதல் வழியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இந்தியாவில் சமூகப் பணிக் கல்வி 1936இல் பம்பாயில் சர் தோரப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புப் பள்ளியாகத் தொடங்கியது. அதுவே 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப் பணிப் பள்ளி உருவானது. அந்த மரபில் படித்து வருபவருக்கு ஒரு குடும்பத்தின் நிலையை முறையாகக் கேட்டுப் பதிவு செய்யத் தெரியும். சட்டங்களின் பெயரும் பிரிவும் தெரியும். ஓர் அலுவலகத்துக்கு எப்படி எழுதினால் பதில் வரும் என்பதும் தெரியும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தன் உணர்ச்சியையும் எதிரில் இருப்பவரின் தேவையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது குறைந்தபட்சம் வகுப்பறையில் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். இப்பழக்கம் தானாக வருவதில்லை. நல்ல மனம் படைத்த பலர், இந்த ஒன்று இல்லாததால், உதவி தேடி வந்தவர்களுக்கே பாரமாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் படிப்பு நம் மலைக்கு வந்து சேரும்போது எங்கே தடுக்கி நிற்கிறது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் பந்தலூர்ப் பக்கம் பணியர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றுக்கு, காசநோய் கண்ட ஒரு சிறுவனின் தாயைப் பார்க்கப் போனேன். மாத்திரையை ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் கொடுக்க வேண்டும் என்பதை எளிய தமிழில், பொறுமையாக, இரண்டு முறை விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றைய பதிவில் ‘தாய் புரிந்துகொண்டார்’ என்று எழுதி வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கூரை இடுக்கில் செருகியிருந்தது. அதே குடியிருப்பைச் சேர்ந்த, பத்தாம் வகுப்பு மட்டுமே படித்திருந்த ஒரு பெண் அந்தத் தாயின் அருகில் உட்கார்ந்து பணிய மொழியில் அரைமணி நேரம் பேசிய பிறகுதான் விவரம் தெரிந்தது. முன்பு ஒரு குழந்தை நகரத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் இறந்திருக்கிறது. அந்த அச்சத்தை என்னிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். அன்று நான் செய்தது பயிற்சியின்படி முறையான நேர்காணல்தான். அதில் என் படிப்பு வெற்றி பெற்றது; சிறுவனுக்கு இரண்டு வாரச் சிகிச்சை போயிற்று.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள் என்று வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன. அவர்களுக்குத் தத்தம் பேச்சுமொழிகள் உண்டு. மேல்மலையில் படுக மொழியும் கூடலூர்ப் பக்கம் மலையாளமும் பரவலாகப் புழங்குகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழோ வேறொரு வாழ்க்கையைச் சுமந்து நிற்கிறது. ‘தமிழ் தெரிந்தவர்’ என்ற ஒற்றைத் தகுதி இங்கே போதவே போதாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவாகும் நிலையில் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்கிறது. காட்டுநாயக்கர் வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு அப்படி உட்கார்ந்து உதவக்கூடிய, அதற்கான ஒழுக்கமும் சட்ட அறிவும் பெற்ற ஒருவரைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சிப் பேச்சு எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

மொழிக்கு அடுத்தது இடத்தைப் பற்றிய அறிவு. கூடலூரில் ஒரு குடும்பத்துக்கு மின் இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், விடை 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தில், உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் போய் நிற்கும். பள்ளி உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்டால், பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுவதும், அதற்காக ஒரு கூலித் தொழிலாளி இழக்கும் நாள்களும் கண்முன் வரும். அடிக்கடி மூட்டுவலி, சோர்வு என்று படுத்துவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று பள்ளி ஒதுக்கினால், அரிவாள் உயிரணுச் சோகை என்னும் பரம்பரை இரத்த நோயைச் சந்தேகிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் கிராம சபையின் பங்கையும் அறியாமல் இம்மலையில் குடும்ப நலம் பேச முடியாது. இவை எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் இந்த வடிவில் இருக்க முடியாது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்கு வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்று கொண்டால், நான்கு பருவங்களில் ஏறத்தாழ 120 நாள். அதுவும் பெரும்பாலும் கல்லூரியிலிருந்து ஒரே பேருந்தில் போய்வரக்கூடிய இடங்களில் கழிகிறது. மலைக்கு வரும் பட்டதாரிக்கு இங்கே தனியாக ஓராண்டுப் பயிற்சி தேவை என்பதை ஒப்புக்கொண்டால்தான் முதல் வழியின் உண்மையான செலவு தெரியும்.

அப்படிப் பயிற்றுவித்தாலும் அவர் தங்குவாரா? பெரும்பாலானோர் தங்குவதில்லை. இதற்காக அவர்களைக் குறை சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. தொகுப்பூதியத்தில், திட்டத்தின் காலம் முடிந்தால் வேலையும் முடியும் என்ற ஒப்பந்தத்தில், வாடகை வீடு கிடைப்பதே கடினமான ஊரில், அடுத்த பதவி என்று ஒன்றே இல்லாத வேலையில் ஓர் இளைஞர் இரண்டாண்டு இருப்பதே பெரிது. ஆனால் பாதிப்பு மக்களுக்கு நேர்கிறது. ஒரு பெண் தன் வீட்டு வன்முறையைப் பற்றி முதல் முறையாக வாய் திறந்து பேச ஓராண்டு ஆகலாம். அப்போது கேட்டவர் போய்விட்டால், அடுத்து வருபவரிடம் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை.

இனி இரண்டாவது வழி. உள்ளூர் இளைஞர்களை இங்கேயே பயிற்றுவிப்பது வெறும் கனவு என்று சொல்பவர்களுக்கு நம் மலையிலேயே பதில் இருக்கிறது. 1958இல் மருத்துவர் நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் கோத்தகிரியில் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. கூடலூரில் 1980களின் நடுவில் தொடங்கிய ஆக்கார்டு அமைப்பின் பணியும், அதைத் தொடர்ந்து 1990இல் அமைந்த அஸ்வினி அமைப்பும், ஆதிவாசி இளம்பெண்களையே செவிலியர்களாகவும் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து ஒரு மருத்துவமனையை நடத்திக் காட்டின. அறுவைச் சிகிச்சை அரங்கில் உதவும் அளவுக்கான திறனைக் கூடலூரில் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், குடும்ப நேர்காணலையும் குடும்பத்தின் நிலையைப் பதிவு செய்வதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று வாதிடுவதற்கு அடிப்படை இல்லை.

ஆயினும் இவ்வழியை ஆதரிப்பவர்கள் பேசத் தயங்கும் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, உறவு. ஐம்பது வீடுகள் உள்ள குடியிருப்பில் பணியாளருக்கு எல்லோரும் சொந்தம். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர் அவருடைய தாய்மாமனாக இருக்கலாம். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தெரிவிக்காமல் இருப்பதே குற்றமாகும். ஊரோடு வாழ வேண்டிய இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தோளில் அந்தக் கடமையைத் தனியாக ஏற்றி வைப்பது கொடுமை. தன் வீட்டுச் சங்கதி பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கும் பெண்கள், உள்ளூர்ப் பணியாளரைத் தவிர்த்துவிட்டு வெளியூர்க்காரியான என்னைத் தேடி வந்ததும் உண்டு. வெளியாள் என்பதற்கும் ஒரு பயன் இருக்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. அதற்கு நாமே பொறுப்பு. உள்ளூர்ப் பணியாளருக்கு நாம் கொடுக்கும் சான்றிதழ் நம் நிறுவன வாசலைத் தாண்டினால் செல்லாது. ‘அனிமேட்டர்’ என்று நாம் அழைக்கும் உள்ளூர்க் களப்பணியாளர் பதினைந்து ஆண்டு வேலை செய்தாலும் பதினாறாம் ஆண்டிலும் அனிமேட்டராகவே இருக்கிறார். ஒரு குடியிருப்பின் மூன்று தலைமுறைக் கதையை மனப்பாடமாக அறிந்த அவருக்கு, நேற்றுப் படிப்பை முடித்து வந்த இருபத்து மூன்று வயதுப் பட்டதாரி அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். அந்தப் பட்டதாரிக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அவரே. பட்டதாரி எழுதும் அறிக்கைக்குத் தகவல் தருவதும் அவரே. ஊதியம் மட்டும் பாதி. நீதி பேசும் துறையில் இந்த அநீதி இத்தனை காலம் நீடித்திருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. உள்ளூரில் பயிற்சி என்ற பெயரில் மலிவான உழைப்பைத் தேடுவோமானால், முதல் வழியே மேல்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை சமூகப் பணியில் இளநிலை, முதுநிலைப் படிப்புகளைத் தொலைநிலையில் தருகின்றன; வேலையை விடாமல் படிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆங்கிலப் பாடநூலை இரவில் தனியாகப் புரட்டுவதும், களப்பணியை ஏற்கெனவே செய்யும் வேலையின் நகலாக எழுதிக் கொடுப்பதும் நேர்ந்துவிட்டால் பட்டம் வரும், திறன் வளராது. வாரம் ஒரு மாலை கூடிப் படிக்க ஓர் இடமும், பாடத்தைத் தமிழில் விளக்கும் ஒருவரும் இருந்தால் இதே வழி மிக நல்ல ஏணியாகும். தேசியக் கல்விக் கொள்கை 2020 பேசும் இடைநிலை வெளியேற்றமும் மீள்நுழைவும் (படிப்பை இடையில் நிறுத்திப் பிறகு தொடரும் வசதி), 2013இல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு ஏற்கும் முன்கற்றல் அங்கீகாரமும் (வேலையில் கற்றதைத் தகுதியாக ஏற்பது) நம் களப்பணியாளர்களுக்காகவே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த ஒரு கல்லூரியோடு முறையாகப் பேச வேண்டும். இதுவரை நாம் பேசவில்லை.

சட்டம் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அதன் நிலையைச் சொல்லியாக வேண்டும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போல எல்லாச் சமூகப் பணியாளர்களையும் பதிவு செய்யும் தனியான சட்டபூர்வ அமைப்பு இந்தியாவில் அமையவில்லை. இருப்பவை துண்டு துண்டான வரையறைகள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் இரண்டு ‘சமூகப் பணியாளர்கள்’ இருக்க வேண்டும் என்றது. அவர்களுக்கான தகுதியாகக் குழந்தை நலப் பணியில் ஏழாண்டு ஈடுபாட்டையோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் ஒரு பட்டத்தோடு தொழில் செய்வதையோ குறித்தது. சமூகப் பணிப் பட்டம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ மறுகோடியில் நின்று, முதுநிலைப் பட்டத்துக்கு மேல் இரண்டாண்டு எம்.பில். முடித்தவரையே மனநலச் சமூகப் பணியாளர் என்கிறது. 2021இல் வந்த துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவச் சமூகப் பணியாளரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அதன்படி சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற நிலைக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும். துணைத் தொழில்முறையாளர் நிலைக்கு 2,000 மணி நேரம். பணியாளருக்கான அளவுகோல் இறுகி வருகிறது என்பதே இதன் பொருள். அந்த அளவுகோல் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளிருந்து வரையப்படுகிறது என்பதும் கவலைக்குரியது. குடியிருப்பு முற்றத்தில் நடக்கும் வேலைக்கு அதில் இடம் தேட வேண்டியிருக்கும்.

நியூசிலாந்து இதில் நமக்குப் பாடமாகத் தக்கது. அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கிய பதிவு, 2021 பிப்ரவரியிலிருந்து எல்லாச் சமூகப் பணியாளர்களுக்கும் கட்டாயமானது. பதிவு கேட்பவர், அந்நாட்டின் தொல்குடிகளான மாவோரி மக்களோடு பணியாற்றும் திறன் தமக்கு உண்டு என்பதைக் காட்டியாக வேண்டும். பட்டம் இல்லாமல் நீண்ட அனுபவம் மட்டும் உள்ளவர்கள் தம் திறனை நிறுவிப் பதிவு பெறுவதற்கும் அச்சட்டம் ஒரு பிரிவில் வழி செய்தது. தகுதி வரையறை என்றாலே பழங்குடிப் பணியாளரை வெளியே தள்ளும் வேலி என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அந்த மக்களை அறிந்திருப்பதையே தகுதியின் ஒரு பகுதியாக எழுதவும் முடியும். நம் நிறுவனங்கள் தமக்குள் ஒரு வரையறை எழுதிக்கொள்ள எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மொழியில் ஒரு முழு நேர்காணலை நடத்த முடியும், கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியவை எவை என்று தெரியுமா, உறவினர் வழக்கு வந்தால் அதைக் கைமாற்றும் முறையைப் பின்பற்றுவாரா, பதிவேட்டை யார் படிக்கலாம் என்பதில் தெளிவு உண்டா என்ற கேள்விகளிலிருந்து அது தொடங்கலாம். பட்டதாரியும் அனிமேட்டரும் ஒரே தாளில் மதிப்பிடப்பட வேண்டும்.

பழனி மலையில் இதே முடிவை எடுப்பவர்களுக்குக் கணக்கு சற்றே மாறும். கொடைக்கானலிலேயே 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே திண்டுக்கல் மாவட்டத்தில், கிராமப்புற வேலையையே கல்வியாகக் கருதி டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமம் இருக்கிறது. பளியர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகளில் வேலை செய்யும் அமைப்புகள் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பயிற்சியை நடத்துவது அங்கே எளிது. நாம் கோவை வரை இறங்க வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். இரண்டாவது வழியை அடித்தளமாகக் கொண்டு, மூன்றாவதை அதன் ஏணியாக வைத்து, முதல் வழியில் வருபவர்களை அதிகாரிகளாக இல்லாமல் இணைப் பணியாளர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் அமர்த்த வேண்டும். சிக்கலான வழக்குகளில் உள்ளூர்ப் பணியாளரும் வெளியிலிருந்து வந்தவரும் இணையாகப் போகட்டும். மொழியும் நம்பிக்கையும் ஒருவரிடம் இருக்கும். காவல் நிலையத்தில் கையெழுத்திட்டுவிட்டு ஊர்ப்பகையைத் தாங்கும் இடைவெளி மற்றவரிடம் இருக்கும். இருவருக்கும் ஊதிய அட்டவணை ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நிலை, மூத்த நிலை, மேற்பார்வையாளர் என்ற மூன்று படிகளில் ஏறுவதற்குப் பட்டமும் ஒரு வழி, மதிப்பிடப்பட்ட அனுபவமும் ஒரு வழி என்று எழுதி வைக்க வேண்டும். நிதி போதாது என்றால் பணியாளர் எண்ணிக்கையைக் குறைக்கலாம், படிகளைக் குறைக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மேற்பார்வை. நிதி ஒதுக்கீட்டில் கடைசியாக எழுதப்பட்டு முதலில் வெட்டப்படுவது இதுதான். மேற்பார்வை என்றால் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும் மாத அறிக்கை வாங்குவதும் என்றே பல இடங்களில் நினைக்கிறார்கள். நான் சொல்வது வாரத்துக்கு ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த வாரம் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் பேசுவது. எங்கே அவசரப்பட்டார், எதைக் கேட்காமல் விட்டார், யார்மேல் கோபம் வந்தது, எந்த வீட்டுக்குப் போகத் தயங்குகிறார், அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகக் கேட்பது. தற்கொலை நடந்த வீட்டுக்குப் போய்வந்த பெண் மறுநாளே சிரித்த முகத்தோடு சுயஉதவிக் குழுக் கூட்டம் நடத்துவதை ஊக்கம் என்று பாராட்டியிருக்கிறோம். அவர் ஆறு மாதத்தில் வேலையை விட்டபோதுதான், அந்த வீட்டைப் பற்றி அவரிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. கேட்டிருக்க வேண்டியவள் நான். என் காசநோய் வழக்கிலும் ‘தாய் புரிந்துகொண்டார்’ என்ற வரியைப் படித்து, அது எப்படித் தெரிந்தது என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால், இரண்டு வாரம் காத்திருக்க நேர்ந்திருக்காது.

ஆகவே கூட்டத்தில் முதலில் எடுக்க வேண்டிய தீர்மானம், எந்தப் பயிற்சித் திட்டம் என்பதைப் பற்றியதாக இருக்க வேண்டாம். பயிற்சி நிதியை ஐந்து பங்காக்கினால் அதில் இரண்டு பங்கை மேற்பார்வைக்கு ஒதுக்கலாம் என்பது என் பரிந்துரை. கூடலூர்–பந்தலூருக்கு ஒருவர், கோத்தகிரிக்கு ஒருவர் என இரண்டு முழுநேர மேற்பார்வையாளர்களை நியமிக்கலாம்; அவர்களில் ஒருவராவது இப்போதுள்ள மூத்த அனிமேட்டர்களிலிருந்து வர வேண்டும். அவர்கள் அமர்ந்த பிறகு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குடியிருப்புகளுக்கே போய், பெரியவர்களிடமும் பேசி, முதல் அணியைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பந்தலூர்ப் பக்கத்துச் சாலைகளில் பேருந்தை நம்ப முடியாது. முதல் இரண்டு மாத வகுப்பு அதற்குள் முடிந்திருக்க வேண்டும். மழை மாதங்களில் அவரவர் குடியிருப்பிலேயே களப்பணியை வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளர் அவர்களைத் தேடிப் போகட்டும்.